மாடுவிழுந்தான் குகையை அளந்த கதை

போன மாதம் எங்கள் பழைய கந்தோரான நில அளவை அலுவலகத்திலிருந்து இரண்டு இளம் உத்தியோகத்தர்கள் மண்டூருக்கு என்னைத் தேடி வந்தார்கள். கையில் ஒரு மடிக்கணினி. இப்போது ஒரு கருவி வந்திருக்கிறதாம். அதை முக்காலியில் நிறுத்திவிட்டு வெளியே வந்து ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனால், குகையின் உட்புறம் முழுவதையும் தானாகவே அளந்து முடித்திருக்குமாம். மாடுவிழுந்தான் குகையைத் திரையில் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். நான் ஏழு நாட்கள் முழங்காலில் தவழ்ந்து அளந்த இடம், விரல் நுனியில் சுழன்றது.

"மிஸ், உங்கட படத்துக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. நாடாவாலயும் திசைகாட்டியாலயும் எப்பிடி அளந்தீங்க? யார் அந்தக் குகையைக் கண்டுபிடிச்ச? ரெண்டையும் எழுதித் தாங்களன்," என்றார்கள்.

முதலாவது கேள்விக்குப் பதில் எழுதுவது சுலபம். இரண்டாவதற்கு என்னிடம் பல பதில்கள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பொருத்திப் பார்க்க முயன்ற ஒவ்வொரு முறையும் நான் இன்னும் குழம்பித்தான் போயிருக்கிறேன். தெரிந்ததைத் தெரிந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது படவரைஞராக. அந்தக் காலத்தில் பெண்களை வெளிக்கள வேலைக்கு அனுப்புவதில்லை. மற்றவர்கள் அளந்து வந்ததை மேசையில் இருந்து கீறித் தருவதுதான் எங்கள் வேலை. பிறகு சண்டை தொடங்கியது. அளவையாளர்களில் சிலர் கொழும்புக்கு மாற்றம் வாங்கினார்கள், சிலர் வெளிநாடு போனார்கள். ஆளில்லாமல் போனதால் என்னையும் வெளியே எடுத்தார்கள். எனக்கு அளக்கக் கற்றுத் தந்தவர் எங்கள் மேலதிகாரி நல்லரத்தினம் சேர்.

சேர் சிறிய உருவம். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டிருக்கும். யாரையும் 'நீங்கள்' என்றுதான் சொல்வார், நாடா பிடிக்கிறவரையும்கூட. கழுத்தில் ஒரு நூலில் இரண்டு பென்சில் தொங்கும். வெளிக்களத்துக்குப் பேனை கொண்டுவர விடமாட்டார். அழிறப்பரும் கூடாது. "பிழை எண்டா ஒரு கோடு. பக்கத்தில உங்கட கையெழுத்து. பிழை விட்டதும் தெரியத்தான் வேணும், மிஸ்," என்பார். களப்புத்தகத்தில் இடப்பக்கம் கண்ணால் கண்டது. வலப்பக்கம் ஊரார் சொன்னது, சொன்னவரின் பெயரோடு. இரண்டையும் கலந்து எழுதினால் அந்த நாள் வேலையைத் திரும்பச் செய்ய வைப்பார். நான் நினைத்தவற்றை எங்கே எழுதுவது என்று ஒருமுறை கேட்டேன். "அதைக் கந்தோருக்குக் கொண்டுவராதீங்க," என்றார். சிரிக்கவில்லை.

சுனாமி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கந்தோர் கடலுக்குக் கிட்ட. நல்லவேளை உள்ளே ஆட்கள் இல்லை. மண்டூர் வாவிக்கு மேற்கே இருக்கிறதால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோணி ஓடத் தொடங்கி நான் மட்டக்களப்பு நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது நாலாம் நாள். கந்தோரின் முன்சுவர் இல்லை. அலுமாரிகள் குப்புறக் கிடந்தன. சேர் அவற்றுக்கு நடுவில் குந்தியிருந்து களப்புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய வீடும் கடற்கரைப் பக்கம்தான். அந்தக் காலையில் அவர் சந்தைக்குப் போயிருக்கிறார். மனைவி வீட்டில். அவரைக் காணவில்லை என்று வழியிலேயே எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

"சேர், வீட்டில…" என்று தொடங்கினேன்.

"இதுகளை முதல்ல நல்ல தண்ணியில கழுவோணும், மிஸ். உப்பு இருந்தா தாள் காயாது. கிணத்தடியில ரெண்டு பேசின் வச்சிரிக்கன்."

காலையில் ஆஸ்பத்திரிகளையும் அகதி முகாம்களையும் சுற்றிவிட்டுப் பதினொரு மணிக்கு வருவார். பின்னேரம் வரை புத்தகம் காயவைப்போம். கழுவுவது, பக்கங்களுக்கு இடையில் பத்திரிகைத் தாள் செருகுவது, நனைந்ததும் மாற்றுவது, பிறகு நிழலில் கயிறு கட்டித் தொங்கவிடுவது. மையால் எழுதியவை எல்லாம் நீலமாகக் கரைந்து போயிருந்தன. பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. மனைவி காணாமல் போன மனிதர் எப்படி இங்கே வந்து தாள் பிரித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவர் மனைவி கடைசி வரை கிடைக்கவில்லை.

இரண்டாம் வாரம் பச்சை உறை போட்ட ஒரு புத்தகம் என் கைக்கு வந்தது. எங்கள் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் முதுகில் பதிவு இலக்கம் இருக்கும். இதற்கு இல்லை. சேரின் கையெழுத்து. 'சுண்ணாம்புக்கல். வாய் மேல்நோக்கியது. உள்ளே ஈரம், வௌவால்' என்று தொடங்கி ஒரு குகையின் அளவுகள். எங்கள் பக்கம் கருங்கல் நாடு. சுண்ணாம்புக்கல் எங்கோ ஓரிடத்தில் ஒரு பட்டியாக ஓடினாலும் அதில் குகை இருப்பதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அளவைப் புள்ளிகள் ஒன்றிலிருந்து பதினொன்று வரை இருந்தன. கீழே '12, மறுபக்கம்' என்று எழுதியிருந்தது. மறுபக்கம் இல்லை. கிழிந்து போகவில்லை. தையலோடு ஒட்டி, பிளேடு வைத்து நேராக வெட்டியிருந்தது.

"சேர், இது எந்த இடம்?"

அவர் எழுந்து வந்து புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கினார். "இது கந்தோர் புத்தகம் இல்ல," என்றார். பத்திரிகைத் தாளில் சுற்றித் தன் பையில் வைத்தார். பையை மூடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அந்த இடத்துக்கு நான் போகாம இருந்திரிக்கலாம், மிஸ்," என்றார்.

அவ்வளவுதான். ஒரு கோட்டைக்கூட அழிக்கவிடாத மனிதர் ஒரு முழுப் பக்கத்தை ஏன் வெட்டினார்? கேட்டிருக்க வேண்டும். அவர் இருந்த நிலையில் நான் எப்படிக் கேட்பது? அந்த வருடமே ஓய்வுபெற்று வந்தாறுமூலையில் மகள் வீட்டுக்குப் போனார். சண்டையால் மூடிய பாதைகள் திறக்கும் முன்பே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார்.

சண்டை முடிந்த பிறகு, வாவிக்கு மேற்கே படுவான்கரைக் காடுகளில் கண்ணிவெடி அகற்றினார்கள். அதைத் தொடர்ந்து ஒரு நாள் பத்திரிகையில் செய்தி வந்தது. மட்டக்களப்பில் அரிய சுண்ணாம்புக் குகை கண்டுபிடிப்பு. கொழும்பிலிருந்து வந்த பெரிய உத்தியோகத்தர் ஒருவர் தலைக்கவசத்தோடு ஒரு பள்ளத்தின் வாயில் நின்றார். அடுத்த கிழமை, அதை அளந்து படம் தரும்படி எங்களுக்குக் கடிதம் வந்தது. குகை அளக்கத் தெரிந்தவர் என்று கந்தோரில் யாரும் இல்லை. கையால் அளக்கப் பழகியவள் நான் ஒருத்திதான் மிஞ்சியிருந்தேன். ஏறாவூர் சலீம் நாடா பிடிக்க வந்தார். என்னோடு இருபது வருடம் வேலை செய்தவர்.

கொக்கட்டிச்சோலை தாண்டி, வயல் வட்டைகளுக்கு ஊடாக உழவு மெசினில் இரண்டு மணித்தியாலம். மண்டையோடு கீறிய கண்ணிவெடிப் பலகைகள் இன்னும் பாதையோரம் நின்றன. கிராம உத்தியோகத்தர் எங்களுக்கு வழிகாட்ட ஒருவரை ஒழுங்கு செய்திருந்தார். வந்தவர் ஒரு பெண். தங்கேஸ்வரி என்று பெயர். நாற்பத்தைந்து வயது இருக்கும். மாடு வளர்க்கிறவர். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் மலையில் ஏறினார்.

"பேப்பர்ல போட்டிரிக்காங்களே, அந்த ஐயாவுக்கும் நீங்கதான் காட்டினீங்களா?" என்று சலீம் கேட்டார்.

"ஓம். பெரிய ஐயா ஏறேலாம இளைச்சுப் போனாரு. கையப் புடிச்சுக் கூட்டிப் போன நான்தான்."

"அப்ப கண்டுபிடிச்ச நீங்களா, அவரா?"

"நானும் இல்ல, அவரும் இல்ல. எங்கட மாமாட மாடு. சினைமாடு ஒண்டு மேயக்குள்ள உள்ளுக்க விழுந்திட்டு. கத்துற சத்தம் மட்டும் நிலத்துக்குக் கீழால கேட்டிரிக்கு. எடுக்க இறங்கக்குள்ளதான் உள்ளுக்க வீடு மாதிரி இரிக்கிறதப் பாத்தவங்க. மாடுவிழுந்தான் எண்டு அதுக்குப் பேரு." கொஞ்சம் ஏறிவிட்டுச் சொன்னார்: "மறுகா ஒரு ஐயா வந்து அளந்தவர். எனக்கு அப்ப கலியாணம் முடிஞ்ச புதுசு. முழுக்கைச் சட்ட போட்ட ஐயா."

நான் நின்றுவிட்டேன். சலீம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது.

குகை அளப்பதைப் பற்றிக் கேட்ட பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். ஒரு புள்ளியில் நான் திசைகாட்டியோடு. அடுத்த வளைவில் சலீம் நாடாவின் நுனியோடு. தூரத்தைச் சலீம் சத்தமாகச் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன், அவர் மறுபடி சொல்ல வேண்டும். மூன்று முறையும் ஒன்றாக இருந்தால்தான் எழுதுவது. பிறகு இருவரும் இடம் மாறி நின்று திசையைப் பின்னோக்கியும் பார்க்க வேண்டும். இரண்டு பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால் திரும்ப அளக்க வேண்டும். எட்டு மணிநேரம் வேலை செய்தால் இரண்டு மூன்று புள்ளிகள்தான் முடியும். கூரையிலிருந்து தாளில் தண்ணீர் சொட்டும். எங்கும் வௌவால் எச்சம்.

முதல் புள்ளியில் விளக்கைப் பிடித்தபோதே சுவரில் சிவப்புச் சாயத்தில் 1 தெரிந்தது. எனக்குப் பழக்கமான ஒன்று, தலையில் சிறு கொக்கி வைத்தது. அதன் பிறகு நாங்கள் சேரின் இலக்கங்களையே பின்பற்றினோம். பதினொன்றில் குகை முடிந்ததுபோல் இருந்தது. ஒரு கல்திரைக்குப் பின்னால் ஆள் படுத்து நுழையக்கூடிய ஓர் இடுக்கு. தங்கேஸ்வரி எங்களுக்கு முன்னால் அதற்குள் போனார். நானும் போனேன். அங்கே சுவரில் 12 இருந்தது. வெட்டப்பட்ட பக்கத்துக்குள் நான் நுழைந்துவிட்டேன்.

அது பெரிய மண்டபம். வெள்ளைக் கற்கள் கூரையிலிருந்து விழுது போலத் தொங்கின. தரையில் அடுப்புக் கற்கள், கரி, ஒரு பிள்ளையின் ரப்பர்ச் செருப்பு. ஒரு சொட்டுக்கு நேர்கீழே ஓர் அலுமினியப் பானை. தங்கேஸ்வரி அதைத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. பானைக்கு மேலும் அடியிலும் மெல்லிய வெள்ளைச் சுண்ணாம்புத் தோல் படர்ந்து அதைத் தரையோடு ஒட்டியிருந்தது.

"என்ட பானதான் இது," என்றார். "குடிக்கத் தண்ணி புடிக்க வச்ச. எடுக்க நேரமிரிக்கல்ல."

அவர் குந்தியிருந்து அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினார். நான் வேலையில் கவனம் வைக்க முயன்றேன். பதின்மூன்றாம் புள்ளியில் திசைகாட்டி ஒத்துவரவில்லை. முன்னோக்கிப் பார்த்ததற்கும் பின்னோக்கிப் பார்த்ததற்கும் ஒன்பது பாகை வித்தியாசம். சலீம் இடுப்புவாரைக் கழற்றி வைத்தார், சாவிக் கோர்வையைத் தூர எறிந்தார். அப்போதும் அதே ஒன்பது. கிட்டத்தில் இரும்பு இருக்க வேண்டும் என்றேன். கால்மாட்டில் வண்டலைக் கையால் கிளறினோம். துருப்பிடித்த மண்வெட்டி ஒன்று வந்தது. தங்கேஸ்வரி அதை வாங்கிக் காம்புத் துளையைத் தடவிப் பார்த்தார்.

"என்ட மனுசன்ட," என்றார்.

அதற்குப் பிறகு அன்று அளக்கவில்லை. வெளியே வந்து ஒரு பாலைமரத்துக்குக் கீழே இருந்தோம். தங்கேஸ்வரி சொன்னதை நான் களப்புத்தகத்தின் வலப்பக்கத்தில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

சண்டை மோசமான அந்த வருடம், ஷெல் விழத் தொடங்கியதும் அவர்களுடைய ஏழு குடும்பங்கள் இந்தக் குகைக்குள் வந்து பத்தொன்பது நாள் இருந்திருக்கிறார்கள். உள்மண்டபத்துக்குப் பின்வாய் ஒன்று உண்டு. அது மலையின் மறுபக்கத்துப் புதருக்குள் திறக்கும். ஊராருக்கு அது தெரியாது. அளக்க வந்த காலத்தில் சேர் அதைக் கண்டுபிடித்து, கூட வேலை செய்த தங்கேஸ்வரியின் கணவர் தருமலிங்கத்துக்கும் அவருடைய தம்பி யோகனுக்கும் காட்டியிருக்கிறார். "இத நான் படத்தில போடமாட்டன். உங்களுக்கு எப்பயாவது தேவைப்படும்" என்றாராம். பிறகு, அவர்கள் ஒளிந்திருந்தபோது ஒருமுறை அவரே அரிசி மூட்டையோடு வந்திருக்கிறார்.

"அவரு நல்ல மனுசன்," என்றார் தங்கேஸ்வரி. "இப்ப எங்க இரிக்காரு?"

"இறந்திட்டார்," என்றேன்.

"பாவம்," என்றுவிட்டுத் தொடர்ந்தார். "பதினெட்டாம் நாள் போல துவக்கோட ஆக்கள் வாறாங்க எண்டு ஒருத்தர் ஓடி வந்து சொன்ன. எங்கட இவரு ஆம்புளையள ஒவ்வொருத்தரா பின்வாயால வெளிய அனுப்பலாம் எண்டு முதல்ல போனாரு. அங்க அவங்க நிண்டாங்க, அக்கா. புதருக்குள்ள, வாய்க்கு நேர. பாத்துக்கொண்டு நிண்டாங்க. மறுநாள் எங்கள எல்லாரையும் போகச் சொன்னாங்க. இவர மட்டும் கொண்டுபோனாங்க. இண்டைக்கு வரைக்கும் இல்ல."

அவர்கள் யார், எந்தப் பக்கத்தார் என்று நான் கேட்டேன். ஒரே மாதிரி உடுப்பு இல்லை, முகத்தைக் கட்டியிருந்தார்கள், கதைக்கவில்லை என்றார். இத்தனை வருடத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு இன்னும் தெரியாது.

"ஆனா காட்டிக் குடுத்தவன் ஆரெண்டு எனக்குத் தெரியும். அதுவரைக்கும் அந்தப் பின்வாய் நாலு பேருக்குத்தான் தெரியும், உள்ளுக்க இரிந்த மத்த ஆக்களுக்கும் சொல்லல்ல. இவரு, நான், அளந்த ஐயா, யோகன். யோகன ஒரு கிழமைக்கு முன்ன றோட்டில வச்சுப் புடிச்சவங்க. இவரக் கொண்டுபோன மறுநாள் அவன விட்டாங்க. உசிரோட விட்டாங்க. நான் அவன்ட முகத்துல அதுக்குப் புறகு முழிக்கல்ல. எங்கட குடும்பத்துல ஒருத்தரும் அவனோட கதைக்கிற இல்ல."

நாலு பேர். அவர் விரல்விட்டு எண்ணும்போது சேரின் விரலை எவ்வளவு சுலபமாகக் கடந்து போனார். வெட்டப்பட்ட பக்கத்தில் பின்வாய் இருந்திருக்க வேண்டும். அளந்த ஒன்றை எழுதாமல் விட்டவர் இல்லை அவர். எழுதினார், பிறகு வெட்டினார். யாருக்கும் கிடைக்கக்கூடாது என்று வெட்டினாரா? வெட்டி யாருக்காவது கொடுத்தாரா? 'அந்த இடத்துக்கு நான் போகாம இருந்திரிக்கலாம்' என்றது எதை நினைத்து?

சலீமிடம் பஸ்சில் வரும்போது பச்சைப் புத்தகத்தையும் என் சந்தேகத்தையும் சொன்னேன். "மிஸ், எங்களுக்குத் தெரிஞ்சது பக்கம் இல்லை எண்டது மட்டும்தான். அதுக்கு மேல ஒண்டும் நாம காணல்ல," என்றார். பிறகு, "செத்த மனுசன்," என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த யோகன் உசிரோட இரிக்கானே," என்றும் அவரே சொன்னார்.

மிச்ச நாட்களில் பதினான்காம் புள்ளியான பின்வாய் வரை அளந்து முடித்தேன். படம் கீறினேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தை வெறுமையாக விட்டு அனுப்பினேன். அச்சாகி வந்தபோது அதில் தலைக்கவச உத்தியோகத்தரின் பெயர் இருந்தது. கோபப்பட எனக்குத் தெம்பில்லை. என் மனம் முழுக்க வேறு இடத்தில் இருந்தது.

வந்தாறுமூலைக்குப் போனேன். சேரின் மகள் மாலினி என்னை நல்லாய் அறிவாள். பச்சைப் புத்தகத்தைக் கேட்டதும் ஒரு பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள். சேர் பென்சிலை அழுத்தி எழுதுவார். வெட்டிய தாளின் அழுத்தம் அடுத்த தாளில் பதிந்திருக்கும் என்று நினைத்து, ஜன்னலோரம் சரித்துப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கடல்தண்ணீரிலும் பிறகு நாங்கள் கழுவிய நல்ல தண்ணீரிலும் ஊறித் தாள் மட்டமாகியிருந்தது. இருந்த தடயத்தை நானே கழுவினேனோ என்னவோ.

"மாலினி, அந்தச் சண்டைக் காலத்தில அப்பாவை யாராவது விசாரிச்சவங்களா?"

"எனக்குப் பத்து வயசு, அன்ரி. ரெண்டு பேர் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாங்க. ரெண்டு நாள் கழிச்சு வந்தார். ரெண்டு கையும் வீங்கியிருந்தது. அம்மாதான் சோறு தீத்தினவ. பென்சில் பிடிக்க ஒரு மாசத்துக்கு மேல ஆனது. அதுக்குப் பிறகுதான் எப்பவும் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் பூட்டிப் போடத் தொடங்கினவர்."

"அதுக்கு முந்தியும் போடுவார், மாலினி." தங்கேஸ்வரி கண்ட ஐயா முழுக்கைச் சட்டைதான்.

"அப்பிடியா? எனக்கு அப்பிடித்தான் ஞாபகம்." அவளும் குழம்பினாள். "இன்னொண்டு ஞாபகம் இரிக்கு. குசினிக்குப் பின்னால அப்பா ஒரு தாளை எரிச்சார். ஒரே ஒரு தாள். நான் பாத்துக்கொண்டு நிண்டன். சாம்பலையும் காலால மிதிச்சவர்."

"எப்ப? அவரைக் கூட்டிக்கொண்டு போனதுக்கு முதலா, பிறகா?"

அவள் கண்ணை மூடி யோசித்தாள். முதல் என்றால், அவர்கள் கேட்டபோது கொடுக்கப் பக்கம் இருந்திருக்காது. பிறகு என்றால், அதைப் பார்த்தபின் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், அல்லது அவர் வாயால் சொல்லிவிட்டு வந்து எரித்திருப்பார். முதல் என்றாலும் வாயால் சொல்லியிருக்கலாமே என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. பஸ்சில் திரும்பும்போதுதான் தோன்றியது.

"தெரியா, அன்ரி. கை வீங்கியிருந்ததும் தெரியுது, நெருப்பும் தெரியுது. எது முன்ன, எது பின்ன எண்டு வருதில்ல."

அன்றிலிருந்து ஒரு மாதம் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சொன்னால், எனக்குத் தொழில் தந்த மனிதரை, நிரூபணம் எதுவும் இல்லாமல், அவர் வாய் திறக்க முடியாத இடத்தில் வைத்துக் குற்றவாளி ஆக்குகிறேன். சொல்லாவிட்டால், யோகன் என்ற நான் பார்த்திராத ஒருவனின் தலையில் அந்தக் குற்றம் நிரந்தரமாக நிற்கும். எந்தப் பக்கம் யோசித்தாலும் அது சரியாகவும் பட்டது, பிழையாகவும் பட்டது. கடைசியில் நான் துணிந்து முடிவெடுத்தேன் என்று சொல்லமாட்டேன். ஒருநாள் காலையில் தோணித்துறைக்கு வந்தவள், கந்தோருக்குப் போகாமல் கொக்கட்டிச்சோலைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

தங்கேஸ்வரி மாட்டுப்பட்டியில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தார். கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொன்னேன். பச்சைப் புத்தகம், வெட்டிய பக்கம், இரண்டு நாள், வீங்கிய கை, எரிந்த தாள். நான் நினைத்தது எதையும் சொல்லவில்லை. அவர் கையைக் கழுவாமலே நின்று கேட்டார்.

"அப்ப அந்த ஐயாதான் எண்டுறீங்களா?"

"இல்ல. எனக்குத் தெரியா."

"அப்ப யோகன் இல்ல எண்டுறீங்களா?"

"அதுவும் தெரியா, தங்கச்சி."

"மறுகா என்னத்துக்கு அக்கா இதச் சொல்ல வந்த?" குரல் உயரவில்லை. "பத்தொன்பது வருசமா ஒருத்தன வெறுத்துக்கொண்டு இரிந்தன். அது எனக்கு ஒரு பிடிமானம். நீங்க அதையும் புடுங்கிப்போட்டு ஒண்டும் தராமப் போறீங்க."

திரும்பி வந்துவிட்டேன். செய்தது பிழை என்றே நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்துக் கந்தோருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. தங்கேஸ்வரி. யோகன் வீட்டுக்குப் போக வேண்டும், தனியே போக முடியவில்லை, வருவீர்களா என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை போனோம். வட்டையின் ஓரத்தில் ஓலை வீடு. யோகன் வேலிக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தான். வாசலில் எங்களைக் கண்டதும் குறடு கையிலிருந்து விழுந்தது. அவன் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"மச்சி," என்றான். தமையனின் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடம் அந்தச் சொல் அவன் வாயில் இருந்திருக்காது.

தங்கேஸ்வரி வழியிலேயே வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தார். "யோகன், அது நீயா இல்லாமலும் இரிக்கலாம் எண்டு இந்த அக்கா சொல்றாங்க. அத உன்ட முகத்தப் பாத்துச் சொல்ல வந்த," என்றார்.

அவன் அழுவான், அல்லது கோபப்படுவான் என்று நான் நினைத்தேன். அவன் வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பிடிச் சொல்லாதங்க, மச்சி," என்றான். "எனக்கே தெரியா. அடிக்கக்குள்ள நான் என்னென்னவோ சொன்ன. அம்மாட பேரச் சொன்ன, பள்ளிக்கூடத்துப் பேரச் சொன்ன. கேக்காததையும் சொன்ன. பின்வாயச் சொன்னனா இல்லையா எண்டு எனக்குத் தெரியா. இந்தப் பத்தொன்பது வருசமும் அதத்தான் யோசிச்சுப் பாக்கன். ஞாபகம் வருதில்ல. நீங்க கதைக்காம விட்டது சரிதான் எண்டு நினச்சுக்கொண்டு இரிந்தன்."

ஏதோ ஒன்றைச் சரிசெய்வதற்காக நான் இந்த இருவரையும் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். எதைச் சரிசெய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

யோகனின் மனைவி உள்ளேயிருந்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் நின்றாள். தங்கேஸ்வரி கையை நீட்டி வாங்கினார். அண்ணாந்து பாதியைக் குடித்தார். மிச்சத்தை என்னிடம் தந்தார். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த வயலைப் பார்த்தார்.

"என்ன நெல்லு போட்டிரிக்காய்?" என்று கேட்டார்.

"பச்சப்பெருமாள், மச்சி. மேட்டுத் துண்டுல மட்டும் வேற."

"பயிர் மஞ்சளடிக்கு. வாய்க்கால்ல தண்ணி வாறது காணாது போல."

"ஓம். அங்கால மடை உடஞ்சு போச்சு."

தங்கேஸ்வரி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரம்பில் இறங்கினார். அவன் நாலடி தள்ளிப் பின்னால் போனான். அது மன்னிப்பா, களைப்பா, வேறு ஏதாவதா என்று அன்றும் எனக்கு விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. பஸ்சுக்கு நேரமாகிறது என்று நான் வேலியோரம் நின்று கூப்பிட்டேன். அவர் உடைந்த மடைக்குக் கிட்டக் குந்தியிருந்து, கையால் சேற்றை அள்ளி வைத்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் திருப்பினார்.

"நீங்க போங்க அக்கா," என்றார். "இதக் கட்டிப்போட்டு நான் மறுகா வாறன்."